அக்காவின் நீலப்பூத் தட்டுகள்

அன்பும் மரியாதையும் மிக்க ஃபென்னா அக்காவுக்கு, தம்பி எய்லெர்ட் எழுதிக்கொள்வது. இங்கே நான், மனைவி ஹில்கா, மகள் இம்கே, மாடுகள் எல்லோரும் சுகம். உன் முழங்கால் சுகமா? இந்தக் கடிதத்தை உட்கார்ந்தே படி.

மண்டப வாடகைக்கு ஒரு மாட்டை விற்கவேண்டி வரும் என்பதால், இம்கேயின் கல்யாணத்தை வரும் சனிக்கிழமை நம் ஆப்பிள் தோட்டத்திலேயே வைத்துவிட்டேன். புல்லுக்கு யாரும் வாடகை கேட்பதில்லை பார். கூடாரம் ஊர்த் தீயணைப்புக் குழுவிடம் இரவல். போன வருட பீர் விழாவின் வாசனை அதில் இலவசம். நாற்காலிகள் தேவாலயத்துடையவை. தட்டு மட்டும்தான் குறை. உன் சாப்பாட்டு விடுதியை மூடிய பிறகும் நீ கண்போல் காத்துவந்த நீலப்பூத் தட்டுகளைக் கேட்டேன், நீயும் பெரிய மனது பண்ணி ஹாரோ அத்தானிடம் வண்டியில் கொடுத்தனுப்பினாய்.

அத்தான் வந்து சேர்ந்தது நேற்றுச் சாயங்காலம், சரியாகத் தட்டுடைப்பு விருந்தன்று. உனக்குத் தெரியாத வழக்கமா? ஊரார் விரிசல் விட்ட பீங்கானையெல்லாம் கல்யாண வீட்டு வாசலில் போட்டு உடைப்பார்கள், சில்லு கூடக்கூட மணமக்களுக்கு அதிர்ஷ்டம் கூடும். கொட்டகையில் இடமில்லை என்று அத்தான் உன் பெட்டிகளை வாசலோரம் இறக்கிவைத்தார். நான் பீர்ப் பீப்பாயைத் திறக்கத் தோட்டத்துக்குப் போனேன். பக்கத்து வீட்டு ரெம்மர் தன் பழைய கழிப்பறைத் தொட்டியைப் போட்டு உடைத்த சத்தம் கேட்டது, சிரித்தேன். அப்புறம் சத்தம் நிற்கவே இல்லை. இந்த ஊரில் இவ்வளவு பீங்கான் ஏது என்று வந்து பார்த்தால், பாதிரியாரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உன் சூப் கிண்ணியை ஓங்கிக்கொண்டிருக்கிறார். எய்லெர்ட் கஞ்சன் என்பதெல்லாம் பொய், உடைப்பதற்கென்றே பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருக்கிறான் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தார்கள். ஒரு நொடி எனக்கு நெஞ்சு நிமிர்ந்ததை உன்னிடம் மறைப்பானேன்.

வழக்கப்படி மணமக்கள் கூட்டி அள்ளினார்கள். மாப்பிள்ளை த்யார்க் பாட்டுப் பாடிக்கொண்டே அள்ளினான். இம்கேயோ நீலப்பூச் சில்லு ஒன்றைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அழுதாள்.

"தட்டு போனா போகுதுப்பா, ரொட்டியைக் கையில வெச்சுத் தின்னுக்கலாம். ஞானஸ்நானத்துல என்னைக் கையில ஏந்தின ஞானத்தாய் அவங்க. அத்தை கோச்சுக்கிட்டு வரலேன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்."

எல்லாம் அந்த ரெம்மரால் வந்த வினை. அவனைப் பார்த்துத்தான் மற்றவர்களும் உன் பெட்டிகளில் கை வைத்திருக்கிறார்கள். ஹில்கா அவனை வாசலிலேயே நிறுத்திக் கிழி கிழியென்று கிழித்தாள். அவன் ஏதோ சொல்ல வந்தான், நாங்கள் விடவில்லை. பாவம், அத்தான் ஒருவர்தான் தடுக்கப் போராடியிருக்கிறார் போலும். குரல் கம்மி, விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு இன்னும் தூங்குகிறார். விருந்தாளிகளிடம் அவரவர் தட்டை அவரவரே கொண்டுவரச் சொல்லிவிட்டேன். நீ வெறுங்கையோடு வா, கோபத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வா.

உன் முழங்காலையும் உன் கோழிகளையும் ஆண்டவர் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

என்றும் உன் தம்பி,
எய்லெர்ட்

பி.கு.: அத்தான் எழுந்துவிட்டார். ரெம்மரிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போக வேண்டும். முதல் தட்டை எறிந்தது அத்தானாம். பெட்டிகளை வாசலில் இறக்கியதே அதற்குத்தானாம். "இத்தனை வருஷமா அந்தத் தட்டைக் கழுவினது யாருன்னு உங்க அக்காகிட்டயே கேளு" என்கிறார். இனி உன் வீட்டுப் பக்கமே வரமாட்டாராம், இங்கேயே மாடு கறந்துகொண்டு இருந்துவிடுவாராம். இப்போது மூன்றாவது முட்டை சாப்பிடுகிறார். ஆகவே அக்கா, கல்யாணத்துக்காக இல்லாவிட்டாலும் இவரைத் திருப்பி அழைத்துப்போவதற்காகவாவது சனிக்கிழமை கட்டாயம் வந்துவிடு.