என் மடியும் வலது கால் கட்டைவிரலும்

அன்புள்ள மாப்பிள்ளை பரிதி அவர்களுக்கு,

அம்மாப்பேட்டையிலிருந்து மச்சான் ரெத்தினம் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், உங்கள் அக்கா அம்சம் நலம், என் வலது கால் கட்டைவிரலும் நலம். அதைப் பற்றி நீங்கள் தனியாகக் கவலைப்படுவதாகக் காதில் விழுந்ததால் அதற்கும் தனியாக நலம் சொல்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். பாதியிலேயே “சரி மச்சான்” என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். சுடர்விழிக் குட்டிக்கு வருகிற தை மாதம் திருவாரூரில் காது குத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன். கயல்விழியுடன் பிறந்த ஒரே அண்ணன் நான். அப்படியிருக்க, “மச்சானுக்குக் கால் முடியல, பெரியப்பா மகன் புகழேந்தி மடியில வச்சுக் குத்திடலாம்” என்று நீங்கள் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. புகழேந்தி பட்டுச் சட்டைக்கு அளவே கொடுத்துவிட்டானாம். உரக்கடையில் உட்கார்ந்துகொண்டு, “அண்ணனுக்கு ஒண்ணுன்னா நான் இல்லாமலா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை, மாப்பிள்ளை.

கால் முடியாமல் இருந்தது உண்மைதான். சம்பா நடவு சமயம் வரப்பில் நடந்தால் கட்டைவிரல் அடியில் யாரோ ஆணி அடிப்பது போல இருக்கும். விரலை மேலே மடக்க முடியாது, மூட்டின் மேல் புளியங்கொட்டை போல ஒரு புடைப்பு. உரக்கடை ஹபீப் முகம்மது ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, “அண்ணே, இது யூரிக் ஆசிட். யூரியா போட்ட வயல்ல வெறுங்கால்ல நடந்தீங்கல்ல, ஏறிடுச்சு” என்றார். யூரியா விற்கிறவரே சொல்லும்போது எப்படி நம்பாமல் இருப்பது? அன்றிலிருந்து நான் வயலில் இறங்கவில்லை. அம்சம் அதற்கும் மேலே போய்க் கறி, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தினாள். சுரைக்காய்க் கூட்டு, சுரைக்காய்ப் பொரியல், சுரைக்காய்த் துவையல். நான் இளைத்தேன், விரல் இளைக்கவில்லை. அம்சத்தின் தட்டில் மட்டும் வஞ்சிரம் இருந்தது. கேட்டதற்கு, “எனக்கு என்ன வெரலா வலிக்குது?” என்றாள்.

கடைசியில் தஞ்சாவூர் போய் எலும்பு டாக்டர் சபிஹாவைப் பார்த்தோம். ரத்தத்தைப் பார்த்தார், எக்ஸ்ரே பார்த்தார். “யூரிக் ஆசிட் சரியாத்தான் இருக்குங்க. யூரியாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இது மூட்டுத் தேய்மானம். நீங்க எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியிலயும் பின்கால் கட்டைவிரல் வளைஞ்சுதான் ஒங்கள முன்னால தள்ளுது. கதவுக் கீல் மாதிரி. கீல் தேஞ்சுபோச்சு, மேல எலும்பு கொஞ்சம் வளந்துருக்கு” என்றார். தேய்ந்தது திரும்ப வளருமா என்று கேட்டேன். “வளராது. ஆனா அத அதிகம் வளைய விடாம பாத்துக்கிட்டா ஒங்க பேச்சு கேக்கும்.” வளையாத அடிப்பாகம், முன்பக்கம் தோணி போலத் தூக்கினாற்போல, விரலுக்குத் தாராளமான இடம், அப்படிப்பட்ட ஷூவை வீட்டுக்குள்ளும் போட வேண்டும், வீங்கினால் ஐஸ் ஒத்தடம். அதற்கும் அடங்காவிட்டால் ஊசி, ஆபரேஷன் எல்லாம் அப்புறம் யோசிக்கலாம் என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அம்சம் கேட்டது ஒன்றே ஒன்று: “அப்ப இவரு மீனு திங்கலாமா?” தாராளமாக என்றார் டாக்டர். என் கண்ணில் உண்மையாகவே நீர் வந்தது, மாப்பிள்ளை. புகழேந்தி மாதிரி இல்லை.

ஆனால் வீட்டுக்குள் ஷூவா? “சாமி ரூம்ப தாண்டிச் செருப்புக் காலோட நடப்பியளா?” என்று அம்சம் வாசலை மறித்துக்கொண்டாள். ஒரு நாள் முழுக்கப் பேச்சுவார்த்தை. முடிவில், தெருவையே மிதிக்காத புது ஜோடி ஒன்றை வாங்கித் தாம்பாளத்தில் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு உள்ளே கொண்டு வருவது என்று ஒப்பந்தம் ஆயிற்று. அதைப் பக்கத்து வீட்டுப் பூவம்மாள் சித்தி பார்த்துத் தொலைத்தது. மறுநாள் இரண்டு பெண்கள் வந்து ஷூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “எந்தச் சாமியாரோடதுங்க?” என்று கேட்டார்கள். அம்சம் சற்றும் தயங்காமல், “வடக்கேருந்து வந்துச்சு” என்றாள். பொய்யில்லை. டப்பாவில் அப்படித்தான் போட்டிருந்தது.

நடை சரியாகிவிட்டது. மீதி இருந்தது உங்கள் காது குத்து மேடை. அங்கே வெறுங்காலோடு மணையில் சம்மணம் போட வேண்டும், பிள்ளையோடு எழுந்திருக்க வேண்டும். டாக்டர் சபிஹா சொல்லிவிட்ட, காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் கவனித்துச் சொன்னாள்: ஐம்பது வருடமாக நான் வலது கட்டைவிரலை ஊன்றித்தான் எழுந்திருக்கிறேனாம், இனி இடதை ஊன்ற வேண்டுமாம். கேட்க எளிது. சுடர்விழி எடைக்கு ஓர் அரிசிச் சிப்பத்தை மடியில் வைத்துப் பழகினேன். முதல் தடவை சிப்பமும் நானும் உருண்டோம். சிப்பம் கிழிந்தது, கோழிகளுக்குத் தீபாவளி. ஜன்னல் வழியாகப் பூவம்மாள் சித்தி, “ஏன்டா ரெத்தினம், அரிசிக்கா காது குத்தப் போற?” என்றது. அம்சமோ, “புள்ள என்ன மூட்ட மாதிரி கம்முனு இருக்குமா?” என்று சொல்லிவிட்டு, மறுபடி தைத்து என் மடியில் வைத்த சிப்பத்தைப் பிடித்து உலுக்கி, வீல் வீல் என்று தானே அழுதாள். அந்த அழுகையில் மூன்று வீடு கூடிவிட்டது. கூடினவர்கள் முன்னால், மாப்பிள்ளை, இடது காலை ஊன்றினேன், மூச்சைப் பிடித்தேன், எழுந்தேன்! சிப்பம் மார்போடு இருந்தது. கை எங்கும் படவில்லை. ஹபீப் முகம்மது கைதட்டினார். கூட்டத்தின் பின்னால் நின்ற புகழேந்தி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

ஆகவே, சுடர்விழிக்கு என் மடி தயார். இதற்குமேலும் வேறு மடி தேடினால், நான் சீர்த்தட்டோடு வந்து உங்கள் வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன். எழுந்திருக்கவும் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். கயல்விழிக்கு என் ஆசி, குட்டிக்கு முத்தம், உங்கள் தாயாருக்கு வணக்கம். எல்லோர் மூட்டும் தேயாமல் நெடுநாள் இருக்கட்டும்.

அன்புடன்,
தாய்மாமன் ரெத்தினம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கயல்விழி போன் செய்தாள். வேறு மடி என்று நீங்கள் பேசவே இல்லையாம்; புகழேந்தி தானாகக் கிளப்பிவிட்டதாம். என் காலை நினைத்துப் போன மாதமே மேடைக்குச் சிவப்பு வெல்வெட் சோபா ஒன்று சொல்லி வைத்துவிட்டீர்களாம். “நீ ஒக்காராம வேற யாருண்ணே ஒக்காருவா?” என்றாள். ஆதலால் மேலே உங்களைத் திட்டியிருக்கும் இடங்களை அடித்துவிட்டுப் படிக்கவும். ஆனால் மாப்பிள்ளை, காலில் விழுந்து கேட்கிறேன் (அதுவும் இப்போது முடிகிறது): அந்தச் சோபாவை உடனே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வேன் ஜனம், நான் தரையிலிருந்து எழுந்திருப்பதைப் பார்க்கவே கிளம்புகிறது.