மருந்தடிக்காத மருந்து

திருமலைச்சாமிக்கு ரத்தக் கொதிப்பு வந்ததில் ஒரே ஒருவருக்குத்தான் சந்தோஷம். அது திருமலைச்சாமிக்கே.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்தவர் அவர். பீடியை விடணும், ஊறுகாயை நிறுத்தணும், தினமும் ஏரியைச் சுற்றி நடக்கணும் என்று டாக்டர் சொன்னதெல்லாம் ஆஸ்பத்திரிப் படி இறங்குவதற்குள் மறந்துபோயிற்று. ஆனால் அன்று மத்தியானம் வத்தலக்குண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னது எழுத்துப் பிசகாமல் மனசில் நின்றது. சாப்பாட்டோடு ஒரு சின்னக் கிளாஸ் சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாம். அதுவும் பூச்சிமருந்து அடிக்காத திராட்சையில் செய்ததாக இருக்கணுமாம்.

திருமலைச்சாமி அதுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை. மதுவிலக்கு இருந்தவரைக்கும் போலீஸுக்குப் பயம். எடுத்த பிறகு மனைவி சுந்தராம்பாளுக்குப் பயம். இப்போது தைரியமாக வீட்டுக்குப் போய், டாக்டரே சொன்னதாகச் சொன்னார். சண்டைக்கு வருவாள் என்று நாலு பதில் தயாராக வைத்திருந்தார். அவள் கேட்டது ஒன்றுதான்.

"மருந்தடிக்காத பழமா இருக்கணும்னாரா?"

"ஆமா புள்ள. மருந்தடிச்ச பழத்துல செஞ்சா அது மருந்தாகாதாம்."

"அப்பக் கடையில வாங்கப்படாது. நானே போட்டுத் தாரேன்."

நாலு பதிலும் வீணாயிற்று.

ஆயக்குடியில் அவள் அண்ணன் வீட்டுக் கொல்லைப் பந்தலிலிருந்து ஒரு கூடை திராட்சை பழனி பஸ்ஸில் வந்தது. கொத்துக்குள் ஒரு புழு நெளிந்ததைப் பார்த்துத் திருமலைச்சாமி பூரித்துப்போனார். மருந்தே அடிக்கவில்லை என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடும் பக்கத்து வீட்டு ஞானம்மா பக்குவம் சொன்னாள். வாயைத் துணியால் வேடுகட்டிய பீங்கான் ஜாடியை நாற்பது நாளும் போய்ப் போய் மோந்து பார்த்தார்.

நாற்பத்தோராம் நாள் சாயங்காலம் சுந்தராம்பாள் ஒரு அவுன்ஸ் கிளாஸை நீட்டினாள். கூடவே ஞானம்மா சொன்னதாகச் சில நிபந்தனைகள். பீடிப் புகை பட்டால் ஒயின் வயிற்றில் தங்காதாம். ஏரியை ஒரு சுற்று சுற்றாமல் குடித்தால் தலைக்கேறிவிடுமாம். ஊறுகாய் அதற்கு ஜென்மப் பகையாம். கிளாஸைக் கையில் பிடித்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கிராம்பு வாசனையோடு இனிப்பாக இருந்தது. லேசாக மண்வாடையும் அடித்தது. ஐந்தே நிமிஷத்தில் சுவர் சாய்ந்தது. இரண்டாவது வாரம் வாய் திறந்தது. இந்த வீட்டுக்கு யார் எஜமான் என்று விசாரித்தார். மச்சினன் ஒரு கஞ்சன் என்றார். சுந்தராம்பாள் எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்று சொல்லிக் கம்பளியைப் போர்த்திவிட்டாள். காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு இஞ்சிக் காப்பி கேட்பார். அதுவும் வந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு சுகமாக இருந்ததில்லை.

மூன்று மாதம் கழித்து, ஏரிக்கரையிலிருந்து ஆஸ்பத்திரி மேட்டை மூச்சு வாங்காமல் ஏறினார். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொதிப்பு இறங்கிவிட்டது என்றார். திருமலைச்சாமி வீட்டுக்குப் பறந்து வந்தார்.

"பாத்தியா புள்ள, ஒயின் வேலையை. இன்னைக்கிருந்து ரெண்டு கிளாசு."

சுந்தராம்பாள் பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டென்ன, நாலு குடிங்க. பீட்ரூட்டு நெறையாக் கெடக்கு."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒயின் சேதி வந்த மறுநாளே அவள் டாக்டரைப் போய்ப் பார்த்துவிட்டாளாம். அவர் சொன்ன எதிலும் ஒயின் இல்லையாம். அதனால் பீட்ரூட்டையும் கிராம்பையும் வெல்லத்தையும் போட்டுக் கொதிக்க வைத்தாளாம்.

திருமலைச்சாமி மணையில் உட்கார்ந்தார். சாய்ந்த சுவர் நேராகவே நின்றது. அப்போதுதான் ஒன்று உறைத்தது.

"அப்ப ஜாடியில இருந்தது? அது கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சே?"

சுந்தராம்பாள் நார் உரிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் முகம் லேசாகச் சிவந்தது.

"தெனம் ஒரு சின்னக் கிளாசுதேங்க. நீங்க சொன்னது நெசந்தேன். அது உள்ள போனா, நீங்க பேசுறதுகூட நல்லாத்தேன் இருக்கு."