போகப்போகிறவர்

உலகத்தில் போகிறவர்கள் உண்டு, போகாதவர்கள் உண்டு. இந்த இரண்டு வகையாலும் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை இல்லை. மூன்றாவதாக ஒரு இனம் இருக்கிறது. போகப்போகிறவர். எங்கள் பிஷ்கேக் நகரில் அடுக்குமாடிக்கு ஒருவராவது தேறுவார். என் எதிர்வீட்டுக்கு வாய்த்தவர் தாலாய்பெக். லிப்ட் மெக்கானிக். ஏழு வருடமாக ஜெர்மனிக்குப் போகப்போகிறார்.

இந்த இனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறீர்களா? விருந்துக்கு நாலு மணி என்று சொல்லிப் பாருங்கள். நாலு என்றால் ஆறு என்பது எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். இவர் மட்டும் மூன்று ஐம்பத்தைந்துக்கு வந்து, தலையில் துண்டு சுற்றியபடி கதவைத் திறக்கும் வீட்டுக்காரியிடம் பூங்கொத்தை நீட்டி, ‘அங்க இப்படித்தான்’ என்பார். ஒரு வண்டிகூட இல்லாத சாலையில் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நட்டுவைத்த மாதிரி நிற்பார். உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்து யாராவது தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு பச்சை விழும். அதை நம்பி இறங்குவார். சிவப்பை மதிக்காமல் வரும் மினிபஸ் டிரைவர் அவருடைய ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுப் போவான்.

ஞாயிற்றுக்கிழமை நான் சுவரில் ஆணி அடித்தால் போச்சு.

“தம்பி, ஞாயித்துக்கிழமை சத்தம் போடக்கூடாது. அங்க போலீஸ் வரும்.”

“அண்ணே, இது பிஷ்கேக். இங்க எதுக்குமே போலீஸ் வராது.”

வீட்டுக்குள் போனால் எல்லாப் பொருளின் மேலும் சீட்டு ஒட்டியிருக்கும். ஜெர்மன் மொழியில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. கதவு பெண், மேசை ஆண். இதில் ‘சிறுமி’ என்ற சொல்லும் கத்தி ஜாதிதான் என்று அவர் ஒருநாள் விளக்கப்போக, ஒன்பது வயது மகள் பெர்மெத் இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பில்லாததும் இருந்தது. ‘எப்படியும் போகப்போறோம்’ என்ற ஒரே வார்த்தையில் அந்த வீடு ஏழு வருடம் நின்றுபோனது. சமையலறைக் கூரை ஒழுகியது, சட்டி வைத்தார்கள். பெர்மெத் நடனப் பள்ளியில் சேரக் கேட்டாள். அங்கே போய்ச் சேரலாம் என்றார்கள். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த மனைவி அய்சுலுவுக்குத் தலைமை நர்ஸ் பதவி தேடி வந்தது. பாதியில் விட்டுப்போனால் மரியாதையாக இருக்காது என்று இவரே வேண்டாமென்று சொல்ல வைத்தார். அய்சுலு சட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தாள்.

வழியனுப்பு விருந்து மட்டும் தவறாமல் நடந்தது. மூன்று முறை. முதல் விருந்துக்கு ஆடு வெட்டினார்கள், எல்லோரும் அழுதார்கள். இரண்டாவதில் கோழி. மூன்றாவதில் பொரித்த மாவும் தேநீரும். கீழ்வீட்டு துமார் அக்கா கிண்ணத்தை வைத்துவிட்டுக் சொல்லியே விட்டாள்:

“தாலாய், எனக்கு இதுக்கு மேல கண்ணீர் வராதுடா. நிஜமாப் போற அன்னிக்குச் சொல்லியனுப்பு.”

ஏன் போகவில்லை? மொழிப் பரீட்சைதான். நான்கு முறை பேர் கொடுத்தார், நான்கு முறையும் திரும்ப வாங்கினார். ஜெர்மனின் நாலு வேற்றுமையில் மூன்றுதான் வசப்பட்டிருந்ததாம். தப்பாகப் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பது மேல் என்பது அவர் கட்சி. சான்றிதழ் சேர்ப்பதில் மட்டும் ஓயமாட்டார்: ஐந்தாவது காகிதத்துக்கு முத்திரை விழும்போது முதல் காகிதம் காலாவதியாகியிருக்கும், ஆனந்தமாக மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு மத்தியானம், அவர் வீட்டுக் கதவு திறந்திருக்க, உள்ளே போனேன். தாலாய்பெக் ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி முன்னால் நின்றார். ஜெர்மனியில் ஏதோ சிற்றூர், ஒரு முதியோர் இல்லம், வேலை உறுதி, குடும்பத்தோடு வரலாம். எல்லாம் சரி. பெயர் மட்டும் அய்சுலுவுடையது.

“நீ எப்போ பரீட்சை எழுதின?”

“தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன்ல, அன்னிக்கு.”

“உனக்கு ஜெர்மன் எப்படித் தெரியும்?”

“ஏழு வருஷமா நான் மாவு பிசையறப்ப நீங்க பக்கத்துல சத்தம் போட்டுப் படிச்சீங்க. காதைப் பொத்திக்க எனக்குக் கை ஒழியல.” அவள் முகத்தில் சிரிப்பில்லை. “பேசினதுல பாதி தப்பு. ஆனா நிறுத்தாமப் பேசினேன். போதும்னுட்டாங்க.”

அவர் கடிதத்தை மூன்று முறை படித்தார். “உன் பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு. இதைத் திருத்தி வாங்க ஆறு மாசமாவது...”

“ஏங்க!”

அந்த ஒரு சொல்லில் அவர் உட்கார்ந்துவிட்டார். நான் நழுவப் பார்த்தேன். அதற்குள் அவர் வாய் திறந்துவிட்டது. “எனக்குப் பயமா இருக்கு, சுலு. இங்க எல்லாரும் என்னை ஜெர்மனிக்குப் போறவன்னு பாக்கறாங்க. அங்க போயிட்டா என்னை என்னன்னு பாப்பாங்க?”

அய்சுலு கோபப்படுவாள் என்று நினைத்தேன். அருகில் வந்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

“என் புருஷன்னு பாப்பாங்க. நான் வேலைக்குப் போவேன், நீங்க பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்க. வாசல்ல நாலு பேர் பேசுவாங்க. தப்புத் தப்பாப் பதில் சொல்லுங்க. சிரிச்சா சிரிக்கட்டும்.”

மார்ச்சில் போனார்கள். பெர்மெத் போய்ச் சேர்ந்த வாரமே அங்கே நடன வகுப்பில் சேர்ந்துவிட்டாளாம். அய்சுலுவின் ஜெர்மனில் இன்னும் பாதி தப்புதான். ஆனால் அந்த இல்லத்துக் கிழவர்கள் அவள் வந்தால்தான் மாத்திரை விழுங்குகிறார்களாம்.

நேற்று தாலாய்பெக் போன் செய்தார். குரலில் பழைய கம்பீரம்.

“தம்பி, இங்க எல்லாம் நல்லா இருக்கு. ஆனாலும் ஊருக்கே வந்துடலாம்னு ஒரு யோசனை. அதுக்கு என்னென்ன காகிதம் வேணும்னு விசாரிச்சு வை. அவசரமில்ல.”

பின்னால் அய்சுலு வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் பிஷ்கேக்கில் இல்லை, ஜெர்மனிக்கும் போகவில்லை. ஆனால் உங்கள் அலமாரியில், விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல், நல்ல நாளுக்கென்று ஒரு உடுப்பு மடித்து வைத்திருக்கிறீர்களே, அது எந்த நாளுக்கு?