ஜெராக்ஸ் மெஷினை விசாரிக்க வந்தவன்

புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் நடுவில் ஓடுகிற பஸ்ஸை எல்லாம் மறித்து, ஆட்களை இறக்கி நிறுத்திப் பார்த்தாலும் அவனைப் போல மரியாதை கெட்டவன் ஒருத்தன் தேற மாட்டான். மரியாதையே தெரியாதவன் என்று சொல்ல முடியாது. இருந்ததை எல்லாம் மெஷினுக்குக் கொடுத்துவிட்டான். மனுசருக்கு மிச்சம் வைக்கவில்லை.

திருமயத்தில் நான் கூட்டித் துடைக்கிற, பத்திரம் எழுதிக் கொடுக்கிற ஆபீஸில் கம்ப்யூட்டர் நின்றாலும், ஜெராக்ஸ் மெஷின் மக்கர் பண்ணினாலும் புதுக்கோட்டையில் இருந்து அவன்தான் வருவான். பேர் என்னவோ இருக்கும். முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவன் 'விசாரணை'. வந்ததும் பையைத் திறக்க மாட்டான். முதலாளி உட்பட எல்லாரையும் எழுப்பி நிற்க வைத்து, கடைசியாகத் தொட்டது யார் என்று கேட்பான். ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டார்கள். அப்புறம் மெஷின் பக்கம் குனிந்து, அதன் தலையைத் தடவுவான்.

"நீங்க சொல்லுங்க. என்ன பண்ணுனானுங்க உங்கள?"

பெற்ற தாயிடம் இவ்வளவு தணிவாகப் பேசியிருப்பானா என்பது சந்தேகம்தான். டீ வாங்கி வந்தால் என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவான். மெஷினுக்கு ஆவி ஆகாதாம்.

ஒருதரம் பிரிண்டர் தானாக நின்றுவிட்டது என்று டைப் அடிக்கிற பிள்ளை சொன்னது. உள்ளே கையை விட்டு, அந்தப் பிள்ளையின் தலை ஸ்லைடை எடுத்தான். திருப்பிக் கொடுத்தானா? தன் தலையில் குத்திக்கொண்டு மிச்ச வேலையைப் பார்த்துவிட்டு, அப்படியே பஸ் ஏறிப் போனான். இன்னொரு தரம் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினான். விழுந்த முறுக்குத் தூளைக் காகிதத்தில் அள்ளி முதலாளி முன்னால் வைத்து, மிச்சத்தையும் தின்றுவிடச் சொன்னான். இவனைக் கூப்பிட்டுக் கூலியும் கொடுத்தார்களே, அவர்களைச் சொல்லணும்.

ஆயுத பூஜை கழிந்து ஆபீஸ் திறந்த அன்றைக்கு எடுத்த ஜெராக்ஸில் எல்லாம் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. வேறு இடமாக இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விடலாம். பத்திர ஆபீஸில் கோடு விழுந்தால், அடித்துவிட்டதாக அர்த்தம். பட்டா நகல் எடுக்க வந்த ஒரு விவசாயி, தன் நிலத்தை அடித்துவிட்டார்கள் என்று படியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

ஈரத் துணி போட்டு நான் துடைத்திருப்பேன் என்று டைப் அடிக்கிற பிள்ளை சொன்னது. முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். நாளையில் இருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இந்த வயசில் என்னை வேறு யார் வேலைக்குச் சேர்ப்பார்கள்? நான் துடைக்கவே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு பேர் சேர்ந்தாற்போலப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

விசாரணை வந்தான். வழக்கம்போல எல்லாரையும் நிற்க வைத்தான். எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.

"ஏ ஆத்தா, நீ தொட்டியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"பூசையன்னைக்கி எங்கிட்டு நின்ன?"

"வெளியில. கொழாயடியில."

"உள்ள வரலயா?"

தாலி இழந்தவளைப் பூஜைக்கு அவர்கள் கூப்பிடவில்லை, நானாகவும் போகவில்லை. அவன் என் வெறும் நெற்றியைப் பார்த்தான்.

மெஷினின் மூடியைத் தூக்கினான். பெரிய கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் விரல் அகலத்தில் இன்னொரு கண்ணாடி. மேலே அடுக்கி வைக்கிற காகிதம் தானாக உள்ளே போகும்போது அதன் மேலேதான் ஓடுமாம். அப்படி ஒன்று இருப்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. அதில் என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முதலாளி மூக்குக்கு நேராக நீட்டினான்.

"மோந்து பாரு, மொதலாளி."

"சந்தனம்," என்றார் முதலாளி. வெளியே வைத்த பொட்டு போதாதென்று மூடியைத் திறந்து உள்ளேயும் வைத்தது அவர்தான்.

"மெசினுக்குப் பொட்டு வச்சது நீ. பொட்டே வைக்காத ஆத்தாவ வேலைய விட்டுப் போகச் சொல்றியா?"

அவன் கண்ணாடியைத் துடைத்து, கோடில்லாத முதல் நகலைக் கொண்டுபோய்ப் படியில் இருந்த விவசாயியிடம் கொடுத்தான். அவர் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பியும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

இனிமேல் அந்தக் கண்ணாடியை ஆத்தா ஒருத்திதான் துடைக்கணும், வேறு எவன் கை வைத்தாலும் வரமாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னான். என்னிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தேன்.

"காஞ்ச துணியால தொடை. கோடு விழுந்துச்சு, அடுத்த விசாரணை ஒனக்குத்தான்," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான். தலையில் அதே ஸ்லைடு.

முதலாளி அப்புறம் வேறு ஆள் தேடவில்லை. தினமும் நான்தான் துடைக்கிறேன். மெஷின் கெடுவதும் இல்லை, அவன் வருவதும் இல்லை. சில நாள் அந்தச் சின்னக் கண்ணாடிக்கு வரும்போது கை நின்றுவிடுகிறது. கொஞ்சம் தூசி சேரவிட்டால் வந்துதானே ஆகணும் என்று தோன்றும். அப்புறம் துடைத்துவிடுவேன். வந்தாலும் அந்தக் கிறுக்கன் முதலில் மெஷினைத்தான் நல்லா இருக்கீங்களா என்று கேட்பான். அதைக் கேட்டாலே எனக்குப் போதும்தான்.