பெயர் வெட்டிய பெட்டிகள்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. 1988-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் இப்படி ஒரு வீர முடிவு எடுத்தேன். எடுத்தபோது என் மாமியார் வீட்டுப் பரணில் மண்டியிட்டுக் கிடந்தேன். தலையில் ஒட்டடை. கையில் டிரங்குப் பெட்டி. கீழே மாமியார்.

"அது இல்ல மாப்ள. அதுக்குப் பக்கத்துல இருக்கறது."

"இதா அத்தை?"

"அதுவும் இல்ல. மொதல்ல எடுத்தீங்களே, அதான்."

என் மாமனார் பிரான்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பட்டாளம் மட்டும் முத்தம்மாள் அத்தையிடம் தங்கிவிட்டது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் ரெட்டியார்பாளையத்தில் ஆஜராக வேண்டும். முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிள். பின்னால் கேரியரில் என் மனைவி அஞ்சலாட்சி. போனதும் கிணற்றில் நாற்பது குடம். பிறகு விறகு. பிறகு பரண். வாரத்தில் ஆறு நாள் ஆலையில் தேய்கிறவனுக்கு ஏழாவது நாள் இப்படி. நான் கேட்டதெல்லாம் ஒரு தூக்கம். மதியத் தூக்கம். ஒன்றே ஒன்று.

அதற்கு வழி காட்டியது கம்ப்யூட்டர்.

நான் ஒரு நூல் ஆலையில் ஸ்டோர் குமாஸ்தா. அந்த வருஷம்தான் எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு ஏ.சி. அறை. எனக்கு அந்த அறையில் ஒரு ஸ்டூல். விவரங்களைப் போட்டு வைக்க அதோடு டிஸ்க் பெட்டிகள் இரண்டு வந்தன. ஒவ்வொன்றும் அரிசி மூட்டை கனம். இடது பெட்டியில் ஸ்டோர் சரக்கு விவரம். வலது பெட்டியில் கேன்டீன் விவரம். இடது பெட்டிக்குப் பெயர் ஒன்று. வலது பெட்டிக்குப் பெயர் இரண்டு. உலகம் ஒழுங்காக இருந்தது.

பிறகு மதராசிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்து புது புரோகிராம் போட்டார். அதிலிருந்து வழக்கம் மாறிவிட்டது. பெட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில்லை. சுவிட்சைப் போட்டதும் எந்தப் பெட்டி முதலில் விழித்துக்கொள்கிறதோ அதற்குப் பெயர் ஒன்று. பிந்தியதற்குப் பெயர் இரண்டு. பெரும்பாலும் இடது பெட்டி முந்தும். சில நாள் வலது பெட்டிக்கு ரோஷம் வந்துவிடும். அப்படி ஒரு நாளில், துவரம்பருப்பு எவ்வளவு இருப்பு என்று கேன்டீன்காரர் கேட்டார். கம்ப்யூட்டர் 'கதிர் நானூறு' என்றது.

"நூல் நூக்கற கதிர வெச்சு நான் எப்படி சாம்பார் வெக்கறது?" என்று கேன்டீன்காரர் என் ஸ்டூலைப் பிடித்து ஆட்டினார்.

எஞ்சினியரிடம் முறையிட்டேன். "சுவிட்சைப் போட்டதும் எது எந்தப் பெட்டின்னு ஒரு தடவை பாத்துக்குங்க. அஞ்சு நிமிஷ வேலை," என்றார். அந்த ஐந்து நிமிஷத்தை நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையாக வளர்த்தேன்.

"அஞ்சலாட்சி, இனிமே ஞாயித்துக்கெழமையும் எனக்கு ஆபீஸ்."

"இன்னாத்துக்கு?"

"டிஸ்க்குக்குப் பேரு மாறிப்போவுது. திங்கக்கெழம ஆளுங்க வர்றதுக்குள்ள நான் போயி சரி பண்ணணும்."

"பேரு எப்படிங்க தானா மாறும்?"

"எது மொதல்ல முழிச்சுக்குதோ அதுக்குப் பேரு ஒண்ணு."

"அப்படிப் பாத்தா நம்ம வூட்ல நான்தான் ஒண்ணு."

"அதுல இன்னா சந்தேகம்?"

அவள் யோசித்தாள். அவள் யோசித்தால் நான் பயப்படுவேன். பதினெட்டு வருஷப் பழக்கம்.

"எங்கம்மா சீரா குடுத்த குண்டான வடக்கால வெச்சாலும் தெக்கால வெச்சாலும் முத்தம்மாள்னுதான இருக்குது? பேரு வெட்டியிருக்குல்ல? பக்கத்து வூட்டுக்குக் கொழம்பு குடுத்தனுப்பினாக் கூட வழி தவறாம திரும்பி வருதே."

"அது பாத்திரம். இது கம்ப்யூட்டர். ஒனக்குப் புரியாது."

"சரி, போயிட்டு வாங்க. பாவம்."

அந்தப் 'பாவம்' என்ற வார்த்தையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். எனக்கிருந்த தூக்க ஆசையில் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு டிபன் கேரியரோடு கிளம்பினேன். ஆலைப் பக்கம் திரும்பாமல் நேரே வைத்திக்குப்பம். அங்கே பக்கிரி, என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், கடற்கரையில் கீற்றுக் கொட்டகை போட்டு வலை வைத்திருந்தான். காய்ந்த வலையை நாலு மடிப்பாகப் போட்டுப் படுத்தால் அந்தச் சுகத்தை எந்த மெத்தையும் தராது. கடல் காற்று. கூப்பிட ஆளில்லை. பரண் இல்லை. கேரியரைக் காலி செய்துவிட்டு நாலு மணி வரை செத்த பிணமாகக் கிடந்தேன். எழுந்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

இப்படிப் பதினொரு ஞாயிறு. பொய்க்குப் பொய் முட்டுக் கொடுப்பது மட்டும்தான் அலுப்பாக இருந்தது.

"ஏங்க, கம்ப்யூட்டரு ரூம்ல மணலு கெடக்குமா? வேட்டி பூரா மணலு."

"பக்கத்துல கட்டடம் கட்டறாங்க."

"சட்டையில செதிலு ஒட்டியிருக்கு?"

"கேன்டீன்ல மீன் கொழம்பு வெச்சாங்க."

"நான்தான் கேரியர் கட்டிக் குடுத்தேனே. ஞாயித்துக்கெழமயுமா கேன்டீனு?"

"...அது சனிக்கெழம செதிலு."

"சனிக்கெழம செதிலு தோச்ச சட்டையில ஏறிக்குச்சா. பாவம்," என்றாள். மறுபடியும் அதே பாவம்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆலையில் அன்றைக்குக் குடும்பத்தோடு வருவது வழக்கம். எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. கம்ப்யூட்டருக்கும் ஒரு மாலை. டிஸ்க் பெட்டிகளுக்கு ஆளுக்கொரு வாழைக்கன்று. மேனேஜர் தெய்வசிகாமணி பட்டு வேட்டியில் நின்று எல்லோருக்கும் பொரி, கடலை கொடுத்துக்கொண்டிருந்தார். மதராஸ் எஞ்சினியரும் பொரி தின்றபடி நின்றார். அஞ்சலாட்சி என்னை முந்திக்கொண்டு மேனேஜரிடம் போனாள். நான் கடலையைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே ஓடினேன்.

"சார், இந்தப் பொட்டிங்கதான் பேரு மாறிக்குதா?"

"ஆமாம்மா. பெரிய தலைவலி."

"பாவம் சார் இவுரு. வாராவாரம் ஞாயித்துக்கெழம வந்து சரி பண்றாரு."

மேனேஜர் பொரித் தட்டைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கிழமையா? ஞாயித்துக்கிழமை ஆலை கேட்டு பூட்டி..."

என் உயிர் டிஸ்க் பெட்டிக்குள் ஒளிந்துகொள்ள இடம் தேடியது. அவர் அந்த வாக்கியத்தை முடித்திருந்தால் மானமும் போயிருக்கும், வீடும் போயிருக்கும். அஞ்சலாட்சி முடிக்கவிடவில்லை.

"ஒரு ஓசனை சொல்லட்டுங்களா சார்? பாத்திரத்துல பேரு வெட்ற மாதிரி பொட்டியிலயே ஒரு பேர வெட்டிடுங்களேன். எது முன்னால முழிச்சா இன்னா, எந்தப் பக்கம் இருந்தா இன்னா? பேரப் பாத்து எடுத்துக்கும்ல?"

மேனேஜர் எஞ்சினியரைப் பார்த்தார். எஞ்சினியர் மெல்லுவதை நிறுத்தினார்.

"நடக்குமாய்யா?"

"நடக்கும் சார். டிஸ்க்குக்குள்ளயே பேர எழுதிடலாம். மெஷின் வரிசையப் பாக்காம பேர மட்டும் பாக்கற மாதிரி மாத்திடறேன். எனக்கு இது தோணவே இல்லியே!"

"பாத்தியாய்யா வைத்திலிங்கம்? நீ மூணு மாசமா பக்கத்துலயே ஒக்காந்துக்கிட்டு இருக்கே. அந்தம்மா மூணு நிமிஷத்துல சொல்லிட்டாங்க." என்னிடம் சொல்லிவிட்டு எஞ்சினியர் பக்கம் திரும்பிய மேனேஜருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "யோசனை சொன்னவங்க பேரையே மொதப் பெட்டிக்கு வெச்சிடு. இன்னொண்ணுக்கு யார் பேரம்மா வைக்கலாம்?"

அஞ்சலாட்சி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வெட்கப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எங்கம்மா பேரு வைங்க சார். குண்டான்ல அவங்க பேருதான் இருக்குது."

எஞ்சினியர் பூஜை போட்ட கீபோர்டில் சந்தனம் ஒட்ட ஒட்ட அப்போதே உட்கார்ந்து எழுதினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் எப்படி இருப்பது?

திரும்பும்போது வழக்கம்போல அவள் கேரியரில். மணிக்கூண்டு தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பக்கிரி அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

சைக்கிள் ஆடியது. "இ... இன்னான்னு?"

"வர்ற ஞாயித்துக்கெழமலேருந்து வலை மேல படுத்துக் காய வெக்க வேற ஆளப் பாத்துக்கச் சொல்லி. அவுரு சம்சாரம் எங்கிட்டதான மீனு விக்கறாங்க. பதினோரு வாரமா ஒரே சிரிப்பு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"தூங்கட்டுமேன்னு இருந்தேன். ஆள் எளைச்சுப் போயிருந்தீங்க. இப்பதான் மூஞ்சியில கொஞ்சம் தெளிவு வந்திருக்கு. இனிமே நாப்பது கொடம் எறைக்கலாம்."

அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. மிதித்தேன்.

அந்த ஞாயிறு மறுபடியும் ரெட்டியார்பாளையம், மறுபடியும் பரண். ஒட்டடைக்கு நடுவிலிருந்து கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தேன்.

"அத்தை, இந்த டிரங்குப் பெட்டிங்களுக்கும் பேரு எழுதிட்டா என்ன? கேட்டதும் டக்குனு எடுத்துடலாம்."

"எதுக்கு மாப்ள வீண் வேலை? அதான் ஒண்ணொண்ணா எறக்கிக் காட்ட நீங்க இருக்கீங்களே."

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். இடுப்பைப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தேன். குளுகுளு அறை, சத்தமில்லை, கூப்பிட ஆளில்லை, இங்கேயாவது நிம்மதி என்று சுவிட்சைப் போட்டேன். பெட்டிகள் இரண்டும் உறுமின. திரையில் ஆங்கில எழுத்தில் வரி வரியாக வந்தது.

'முத்தம்மாள் ரெடி. அஞ்சலாட்சி ரெடி. வேலையைத் தொடங்கவும்.'

இங்கேயும் முதலில் விழித்துக்கொண்டது மாமியார்தான்.