அட்டைப்படத்தில் இருப்பவர் உயிருடன் உள்ளார்

முரசுமோட்டை,
கிளிநொச்சி.
வெள்ளிக்கிழமை.

ஓமந்தையில் இருக்கும் என் மதிப்புக்குரிய பெரியண்ணைக்கு, தம்பி மயில்வாகனம் பணிவோடு எழுதிக்கொள்வது.

நான் நலமாக இருக்கிறேன். மற்றக் கடிதங்களில் இதை மரியாதைக்கு எழுதுவார்கள். இந்தக் கடிதத்தில் செய்தியே இதுதான். சாகவில்லை, சாகும் யோசனையும் இப்போதைக்கு இல்லை. இரத்தத்தில் சீனி மட்டும் கொஞ்சம் கூட. நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க அம்மன் துணை நிற்கட்டும்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். இளந்தாரியாக இருந்தபோது திருவிழா நாடகங்களுக்கு நான் எழுதிய பாட்டுகளில் ஐந்தை என் சின்னவள் யதுர்ஷிகா புதிதாகப் பாடியிருக்கிறாள். பாடியதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. தொகுப்புக்கு ஓர் அட்டைப்படம் வேண்டுமாம். இப்போது பாட்டெல்லாம் போனுக்குள்ளே கிடக்கிறது, இசைத்தட்டும் இல்லை, கசெற்றும் இல்லை, எதை மூடுவதற்கு அட்டை என்று கேட்டேன். அவளோடு கிற்றார் வாசிக்கும் ரஜிதன்தான் அட்டையும் செய்கிறவன். "அங்கிள், இப்ப எங்கையும் பழைய ஸ்டைல்தான் ஓடுது. பாட்டுப் புதுசெண்டா அட்டை பழசா இருக்கோணும்" என்று சொல்லி என் பழைய படம் ஒன்றைக் கேட்டான். பெரிய கொலர் சட்டையும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக நான் நிற்கும் அந்தப் படம்தான் மிஞ்சியிருந்தது. இடம்பெயர்ந்த இடமெல்லாம் ஷொப்பிங் பைக்குள் சுற்றி, மழை படாமல், மூலை மடியாமல் நான் காப்பாற்றிய படம். அதை மூன்று நாள் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து நாசமாக்கினான். மூலை மடிந்த மாதிரிச் செய்தான், தேத்தண்ணிக் கறை வைத்தான், உள்ளே இசைத்தட்டு இருந்து உரசியதுபோல் நடுவில் வட்டமாக வெளிற வைத்தான். "இப்பதான் அங்கிள் வடிவா வந்திருக்கு" என்றான்.

அதோடும் விட்டானா? முகத்தைச் சுற்றி முட்டை வடிவச் சட்டம், சட்டத்தைச் சுற்றிப் பூமாலை, கீழே கொட்டை எழுத்தில் என் பெயர், அதற்கும் கீழே "1983 – 2025". பாட்டு எழுதிய வருடமும் வெளிவரும் வருடமுமாம். ஒரு முகம், ஒரு மாலை, இரண்டு வருடம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று இந்தப் பிள்ளைகளுக்கு உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை, அண்ணை. படத்தில் மூக்கு நன்றாக விழுந்திருக்கிறது என்றுதான் பார்த்தேன்.

புதன்கிழமை விடிய, வெளியீட்டு விழாவுக்கு விளம்பரமென்று அதைப் பெரிதாக அச்சடித்துப் பரந்தன் சந்தியிலும் எங்கள் பஸ் தரிப்பிடத்திலும் ஒட்டினார்கள். அந்தச் சுவரில் ஏற்கெனவே இரண்டு கண்ணீர் அஞ்சலியும் ஒரு முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலியும் இருந்தன. நடுவிலே நான்.

அன்று பார்த்து என் மனுசி அருந்ததியும் மகளும் வெளியீட்டுக்குச் சீலை எடுக்க வவுனியாவுக்குப் போய்விட்டார்கள். நான் போனை வீட்டில் விட்டுவிட்டு வாய்க்கால் துப்புரவு பார்க்கப் போய்விட்டேன். வீடு பூட்டிக் கிடந்ததால், உடம்பு ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று சனம் முடிவு கட்டிவிட்டது. பதினொரு மணிபோல் சைக்கிளில் திரும்பி வருகிறேன், என் முற்றத்தில் தறப்பாள் கட்டி, விளையாட்டுக் கழகத்துக் கதிரைகள் வரிசையாகப் போட்டிருக்கின்றன. கடைசி வரிசையில் இருந்தவரிடம் "ஆர் செத்தது?" என்று கேட்டேன். அவர் தலை நிமிராமல் "மயிலண்ணை" என்றார். நானும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். ஒரு நிமிடம் உண்மையாகவே கவலையாக இருந்தது.

பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரி தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தவர், என்னைக் கண்டதும் தட்டத்தைப் போட்டுவிட்டுக் கத்தினார். பூநகரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த கமலாசனி மாமி ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தி, "உயிரோட இருக்கிறனெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! இனி மூண்டு மணிக்குத்தான் பஸ்" என்று ஏசினார். வயல் செய்கிற எங்கள் கமக்காரர் அமைப்பு ஆட்கள் எனக்கு இரண்டு நிமிட மௌனம் முடித்து, என் இடத்துக்கு நிரஞ்சனைத் தலைவராகத் தெரிவும் செய்திருந்தார்கள். அவன் வந்து என் கையைப் பிடித்து, "நீங்கள் இருக்கிறது பெரிய சந்தோசம் அண்ணை. ஆனா தீர்மானம் எழுதியாச்சு" என்றான். சரி, வைத்துக்கொள் என்றேன்.

அப்போதுதான் வாசலில் ஒரு வாடகை வான் வந்து நின்றது. மலர்வளையத்தோடு நீங்கள் இறங்கினீர்கள். என் மூத்தவள் அனோஜாவின் கலியாண அழைப்பிதழை உங்கள் கையில் தராமல், நீங்கள் வீட்டில் இல்லையென்று பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன் என்பதற்காகப் பதினொரு வருடம் என்னோடு கதைக்காத நீங்கள், கண் சிவந்து, தோளில் சால்வை நழுவ, என் முற்றத்துக்கு வந்தீர்கள். நான் கதிரையில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கிறியோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம் அண்ணை, இருக்கிறன்" என்றேன்.

மலர்வளையத்தோடு திரும்பி, வந்த வானிலேயே ஏறிப் போய்விட்டீர்கள்.

செத்தால் வருவீர்கள், இருந்தால் வரமாட்டீர்கள் என்றால் நான் என்னதான் செய்வது? எனக்கும் ரோசம் இருக்கிறது. அட்டைப்படத்தால் வந்த பிழைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டேன். ரஜிதன் வருடங்களையும் மாலையையும் எடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வெளியீடு, அதற்கு உங்களைக் கூப்பிடவில்லை. நீங்கள் அங்கே இருங்கள், நான் இங்கே இருக்கிறேன். உங்கள் வாசலுக்கு வருகிற ஆள் நானில்லை.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். எனக்கென்று வைத்திருப்பதில் மிச்சமிருந்தால் அதையும் சேர்த்துத் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி,
மயில்வாகனம்

பி.கு.: சனிக்கிழமை காலை பஸ்ஸுக்குள் இருந்து எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் குறை நினைக்கவேண்டாம். தபாலில் போட்டால் ஞாயிறு கடந்துதான் கிடைக்கும், அதனால் நானே கொண்டு வருகிறேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், ஆகவே ஒன்றும் சொல்லாமல் உங்கள் கையில் தந்துவிட்டு ஓரமாக நிற்பேன். மேலே எழுதிய கோபம் பாதி வழியில் இருக்கும் மாங்குளம் வரைக்கும்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. நாளைக்கு முதல் பாட்டை நீங்கள்தான் தொடங்கிவைக்க வேண்டும், வேறு ஆளை நான் கேட்கவில்லை. வாசித்து முடித்துவிட்டீர்கள் என்றால் நிமிர்ந்து பாருங்கோ அண்ணை, உங்களுக்கு முன்னால்தான் நிற்கிறேன்.