பஞ்சுவுக்கு அனுமதி இல்லை

"நான்தான்யா அந்த வீட்டுக்காரன்!" மும்பை செம்பூர் அடுக்குமாடியின் கேட்டில் நின்று கத்தினார் பஞ்சு.

"எனக்குத் தெரியுது சார். இதுக்குத் தெரியலையே." வாட்ச்மேன் கணேசபாண்டியன் கையிலிருந்த டேப்லட்டைக் காட்டினான்.

சொசைட்டியில் புது ஆப் வந்த முதல் நாள். போனைக் காட்டினால்தான் கேட் திறக்கும். காபிப்பொடி வாங்க ஓடிய அவசரத்தில் பஞ்சுவின் போன் சோபாவிலேயே தங்கிவிட்டது. மேலே, மகள் வந்தனா தானே பார்த்துப் பிடித்துக்கொண்ட பையன் நகுல், அப்பா அம்மாவோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கேட்பதற்கென்றே பஞ்சு சரம் சரமாய்க் கேள்விகள் வைத்திருந்தார். போன தடவை வந்த வரன் மூன்றாவது கேள்வியிலேயே செருப்பைத் தேடியது வேறு விஷயம். தான் இல்லாமல் பேச்சு ஓரடி நகர்ந்துவிடக் கூடாது.

"கெஸ்ட்டுன்னு போடட்டா சார்?"

"சொந்த வீட்டுக்கே கெஸ்ட்டா! சரி, போட்டுத் தொலை."

வீட்டுக்காரரின் போனுக்கு, அதாவது பஞ்சுவின் போனுக்கே, அனுமதி கேட்டுப் போயிற்று. பதில் உடனே வந்தது: 'பஞ்சு. அனுமதி மறுக்கப்பட்டது.'

"என்னை நானே மறுத்துட்டேனா?"

"டெலிவரின்னு போட்டுப் பாப்போம்."

'பொருளைக் கேட்டில் கொடுத்துவிட்டுச் செல்லவும்.' எதிர்வீட்டு சுஷ்மாவின் கையில் காபிப்பொடி லிஃப்டில் மேலே போயிற்று. பஞ்சு கீழேயே நின்றார்.

"சமையக்காரன்னு போடு!"

இதற்குப் போட்டோ வேண்டுமாம். முறைத்துக்கொண்டே முகத்தைக் காட்டினார். 'சமையல் முடிந்தது. நாளை வரவும்.'

"அரே பாபா, எந்த வேஷம் கட்டினா உள்ளே விடும்?"

"பிளம்பர் ஒண்ணு பாக்கி இருக்கு சார்."

"போடு, போடு!"

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பஞ்சு திரையையே பார்த்தார். சட்டென்று பச்சை ஒளிர்ந்தது. கேட் திறந்தது.

"பாத்தியா!" பஞ்சு துள்ளினார். "பொண்ணைப் பெத்தவனைத் தெரியலை, பிளம்பரைத் தெரியறது! என்ன மெஷின்டா இது!"

கணேசபாண்டியன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"மெசின் பாவம் சார். மறுத்தது பூரா உங்க மகதான். 'அம்மா தாம்பூலம் மாத்தி முடிக்கிற வரைக்கும் அப்பாவ எப்படியாச்சும் கீழயே நிறுத்தி வைங்க'ன்னு நீங்க எறங்குனதுமே இன்டர்காம்ல சொல்லிட்டாக."